ஒன்பதாவது சுற்றில் ஓர் ஓட்டை

காலை எட்டு இருபத்திரண்டுக்கு என் பெட்டி தரையில் விழுந்தது. முப்பது கிலோமீட்டர் உயரம் வரை பலூனில் போய், பாராசூட்டில் இறங்கிய பெட்டி. திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விழுந்தது அதற்கு வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஓர் இரும்பு உருக்காலையின் பின்சுவருக்கு வெளியே.

“மேல பதினாலு கிலோமீட்டர்ல எந்தக் காத்து எங்கேர்ந்து வருதுன்னு புட்டுப் புட்டு வெக்கிற,” என்றார் லோகு அண்ணா, வேனைத் திருப்பிக்கொண்டே. “கீழ அடிக்கிற காத்து தெரியல உனுக்கு.”

“கீழ தெக்கத்திக் காத்து கணக்குக்கு மேல அடிச்சிருக்குணா.”

“அத்த அதுங்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிக்கினு இருக்கலாம்ல.”

அவர் சொன்னது சரி.

லோகு அண்ணா எங்கள் பல்கலைக்கழக வேனின் ஓட்டுநர். வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன பிரிட்ஜ் அளவுள்ள கருவியை அங்கே பொருத்தியிருந்தோம். காற்றை உள்ளே விட்டால் அதில் மீத்தேன் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று நொடிக்கு ஒரு தடவை சொல்லும். விடியற்காலையில் திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கல்லூரி மைதானத்தில் பலூனை விட்டுவிட்டு, அது போகும் திசையில் நாங்களும் கிளம்பியிருந்தோம்.

பெட்டிக்குள் இருந்தது நூறு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய். சுண்டுவிரலைவிட மெல்லிசு. எண்பது சுற்றாகச் சுருட்டியது. ஒரு முனை அடைப்பு, மறு முனை திறப்பு. பலூன் மேலே போகப் போக வெளியே அழுத்தம் குறையும், குழாய்க்குள் இருக்கும் காற்று தானாக வெளியே போய்விடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே புகும். முதலில் புகுவது முப்பது கிலோமீட்டர் உயரத்துக் காற்று. அது அடைத்த முனைக்குத் தள்ளப்படும். அதன் பின்னால் இருபது, பதினைந்து, பத்து என்று ஒவ்வோர் உயரத்துக் காற்றும் வந்து நிற்கும். தரையைத் தொட்டதும் திறந்த முனையில் உள்ள வால்வு தானே மூடிக்கொள்ளும். வானம் மொத்தமும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு குழாய்க்குள் நிற்கும். ரொம்ப நேரம் நிற்காது. நான்கு மணி நேரம் போனால் பக்கத்தில் நிற்பவை கலந்துவிடும். எது எந்த உயரத்துக் காற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இருந்தது இந்த ஒரு குழாய். இந்த ஒரு காலை. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பலூன் விட அனுமதி கொடுத்தது இன்று ஒரு நாளைக்குத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் பிஎச்.டி. ஆய்வுக்குழு முன் நின்றபோது, குழுவில் மூத்த பேராசிரியர் முதலில் கேட்ட கேள்வி, “அப்பா என்ன செய்யறார்?” இரும்பு உருக்கும் பர்னஸில் வேலை செய்தார் என்றேன். “ஓ, அதான் குடும்பமே வெப்பத்துல ஆராய்ச்சியா” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மரியாதையான சிரிப்புதான். அதற்கப்புறம் என் படங்களைப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல நானும்தான் நாக்கு வரைவேன். காத்தைக் கொண்டுவந்து காட்டும்மா, அப்புறம் பேசலாம்” என்றார். முதல் கேள்விக்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இரண்டாவது, கேட்க வேண்டிய கேள்வி. அதனால் கோபம் இன்னும் அதிகம்.

அவர் நாக்கு என்றது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. நீலச் சட்டை ஒரு கம்பெனி. சாம்பல் சட்டை இன்னொரு கம்பெனி. ரயிலிலிருந்து இறங்கி முண்டியடித்து எப்படிக் கலைந்து போனாலும், சாம்பல் கூட்டத்துக்குள் நீலம் ஒரு கோடாக நுழைந்து போவது மேலிருந்து தெரியும். ஷிப்ட் முடியும்வரை யாரும் சட்டை மாற்றுவதில்லை. காற்றுக்கும் அப்படி ஒரு சட்டை உண்டு. அதற்குப் பெயர் பொட்டன்ஷியல் வார்டிசிட்டி. நாங்கள் பி.வி. என்போம். காற்று எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அதன் அடுக்குகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதையும் பெருக்கினால் வரும் எண். காற்றுத் தூண் மேலும் கீழும் இழுபட்டு நீண்டால் அடுக்குகள் தளரும், சுழற்சி கூடும். அமுங்கினால் அடுக்குகள் இறுகும், சுழற்சி குறையும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் பெருக்குத்தொகை மாறாது. வெளியிலிருந்து சூடு ஏறாதவரை ஒரு வாரம், பத்து நாள் காற்று அதே எண்ணைப் போட்டுக்கொண்டு திரியும். ஸ்ட்ரடோஸ்பியர் காற்றுக்கு அந்த எண் பெரிது. அதற்குக் கீழே, நம் மேகமும் மழையும் இருக்கிற காற்றுக்குச் சிறிது.

நம் ஊர்த் தலைக்குமேல் ஸ்ட்ரடோஸ்பியர் பதினேழு கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. இமயமலைக்கு வடக்கே அது தாழ இறங்கியிருக்கும். குளிர்காலம் முடியும் சமயத்தில் மேல்காற்றில் பெரிய பெரிய அலைகள் எழும்பி, மடங்கி உடையும். அப்போது வடக்கத்தி ஸ்ட்ரடோஸ்பியர் காற்று நாக்கு மாதிரி தெற்கே நீளும். எங்கள் திருவள்ளூர் வரைக்கும், பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில், மேலேயும் கீழேயும் உள்ளூர்க் காற்று இருக்க நடுவில் மெல்லிசாக அது நுழைகிறது என்று என் பி.வி. படங்கள் சொல்லின. பலூன் விட்ட அந்த வெள்ளிக்கிழமை நுழையும் என்றும் சொல்லின. குழாயில் அது இருந்தால் என் ஐந்து வருடம் ஆராய்ச்சி. இல்லாவிட்டால் கலர் படம்.

பெட்டி வேலிகாத்தான் முள்புதரில் தொங்கிக்கொண்டிருந்தது. தெர்மாகோல் இரண்டாகப் பிளந்திருந்தது. ‘ஆய்வுக் கருவி. ஆபத்தில்லை. இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் நான் ஒட்டியிருந்த தாள் ஒரு பாதியோடு முள்ளில் மாட்டியிருந்தது. இடம் காட்டும் கருவி இருந்தது. குழாய் இல்லை.

மணி ஒன்பதே கால்.

லோகு அண்ணா குனிந்து செருப்புத் தடத்தைப் பார்த்தார். அது ஆலைச் சுவரில் உடைந்திருந்த ஒரு சந்துக்குப் போயிற்று. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு,” என்றார். “ரோட்ல கெடந்தா நானே எடுப்பேன்.”

முன்பக்கம் ஓடினோம். கேட்டில் செக்யூரிட்டி என் அடையாள அட்டையை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

“வானிலையா? மழ வருமா?”

“வராதுண்ணா.”

“இத்த சொல்றதுக்கு ஒரு கார்டு. ஹெச்ஆர் பத்தரைக்கு வருவாரு. அவராண்ட லெட்டர் குடுத்துட்டுப் போ.”

“பத்தரைக்குள்ள எல்லாம் போயிடும். உள்ள என் குழாய் கீது. நான் தானியேல் பொண்ணு.”

“எந்த தானியேலு?”

“எதிர் மில்லு. மூணாம் நம்பர் பர்னஸ்.”

“கை வெந்த தானியேலா?”

“ஆமா.”

நைனா பேரைச் சொல்லி எந்தக் கதவிலும் நுழையக் கூடாது என்று வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த வைராக்கியம். அன்று காலை ஒன்பதரைக்கு அது முடிந்தது. செக்யூரிட்டி ஹெல்மெட் ஒன்றைக் கையில் கொடுத்து, “யார்டோட நின்னுக்க, பர்னஸ் பக்கம் போவாத” என்று விட்டுவிட்டார்.

ஸ்கிராப் யார்டு என்பது கூரை போட்ட ஒரு பெரிய மைதானம். நசுக்கிய கார் கதவு, கம்பித் துண்டு, எண்ணெய் டின், பழைய பீரோ எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். தலையில் துண்டு கட்டிய ஐந்தாறு பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், என் குழாய் தரையில் படுத்திருந்தது. அதன் அருகே ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கம்ப்ரஸர் ஹோஸின் முனையைத் துணியால் சுற்றி, குழாயில் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஹோஸ வெச்சுடுங்கண்ணா,” என்றேன். “ஊதாதீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ யாரு?”

“குழாய் என்னுது.”

“யாருதா இருந்தா இன்னா. மூடின பைப்பு உள்ள வந்தா ஓட்ட போடணும், ஊதணும். ஊதாம போட்டு உள்ள தண்ணி இருந்து வெடிச்சா, உங்கப்பனா வந்து நிப்பான் எதுருல?”

“எங்கப்பன் ஏற்கெனவே நின்னாரு.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “யாரு, எதிர் மில்லு தானியேல் அண்ணன் பொண்ணா நீ? மூக்கு அப்டியே கீதே.”

அது சின்னப்பொண்ணு அக்கா. நாற்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். “வரதா, ஹோஸ கீழ போடு. பாப்பா, நான்தான் எடுத்தாந்தேன். ஷிப்டுக்கு வரப்ப முள்ளுல கெடந்துச்சு. ஏசி காயிலுன்னு நெனச்சேன். ஒயரு வேற தொங்கிச்சா, இவன் குண்டு கிண்டுன்னு பயந்துகினு எட்டவே நின்னான்.”

“நான் எங்க பயந்தேன்?” என்றார் வரதன். “நீதான் ஊட்டுக்கு போன் போடவான்னு கேட்ட.”

குழாயைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சுற்றுகளில் இரண்டு ஓட்டைகள். கூரான பஞ்ச் உளியை வைத்து ஒரே தட்டு. குழாய் நசுங்காமல், பிசிறில்லாமல், சுத்தமான ஓட்டை. வேலை தெரிந்த கை.

திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது. திறந்தால் வந்திருக்கும். ஆனால் யாரைத் திட்டுவது?

எங்கள் வீட்டில் காலியான பவுடர் டப்பாவை அப்படியே குப்பையில் போட முடியாது. நைனா ஆணியை வைத்து அடியில் ஓர் ஓட்டை போட்ட பிறகுதான் போட வேண்டும். கொசு மருந்து டின், பெயின்ட் டப்பா, உடைந்த சைக்கிள் பம்ப், எதுவானாலும். காலனியில் பாதி வீடுகளில் இப்படித்தான். நான் மூன்றாவது படிக்கும்போது, எதிர் மில்லில் இரண்டு பக்கமும் அடைத்த ஒரு சாண் பைப் ஸ்கிராப்போடு கலந்து உள்ளே போய்விட்டது. உருகிய இரும்புக்குள் மூடிய காற்று ஒரு நொடிகூடத் தாங்காது. உலை கக்கியதில் நைனாவுக்கு இடது கை. பக்கத்தில் நின்ற அப்பாவு மாமாவுக்கு உயிர். அந்த ஒரு சாண் பைப்பில் ஓர் ஓட்டை போட்டிருந்தால் போதும் என்று பதினெட்டு வருடமாகக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அப்படிப்பட்ட நான் நூறு மீட்டர் குழாயை இரண்டு பக்கமும் மூடி, சிப்காட்டின் மேல் போட்டிருக்கிறேன். பெட்டியில் ஒட்டினேன், குழாய்மேல் ஒரு வரி எழுதவில்லை. வயலில்தானே விழப்போகிறது என்று இருந்துவிட்டேன். வரதன் அண்ணா செய்தது சரி. தப்பு செய்தவள் மடியில் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊதவே இல்லியே?” என்று கேட்டேன்.

“கம்ப்ரஸர அந்தாண்ட ஷெட்டுல மாட்டிக்கினு இருந்தானுங்க. இப்பதான் வந்துச்சு.”

“சாய்ச்சீங்களா? ஆட்டிப் பாத்தீங்களா?”

“இல்ல. ஓட்ட போட்டேன், வெச்சேன்.”

லோகு அண்ணாவிடம் வேனிலிருந்து ரப்பர் பட்டையும் கிளாம்பும் எடுத்துவரச் சொன்னேன். அவர் வருவதற்குள் இரண்டு ஓட்டைகளையும் இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சின்னப்பொண்ணு அக்கா ஒரு விரலை விலக்கி, தன் கட்டைவிரலை வைத்தார். “நீ போன் பேசு. அடிச்சிகினே கீது பாரு.”

போனில் என் வழிகாட்டி நந்தினி மேடம். நடந்ததைச் சொன்னேன்.

“டேம்பர் பண்ணிட்டாங்களா?” என்றார்.

“இல்ல மேடம். ஓட்டை போட்டிருக்காங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே கிறிஸ்டினா.”

“ஒண்ணு இல்ல மேடம்.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. கெட்ட மனுஷி இல்லை. இந்த அனுமதிக்காக ஏழு மாதம் கடிதம் எழுதியவர் அவர்தான். “அங்க இருக்கறவங்களுக்கு என்ன தெரியும், பாவம். விட்டுடு. குழாயை மட்டும் பத்திரமா எடுத்துட்டு வந்துடு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“இங்க இருக்கறவங்களுக்கு அவங்க வேலை தெரியும் மேடம். அடுத்த வருஷம் அந்த நாக்கு வரும்னு யாரு சொன்னா? குழாய்க்குள்ளயும் வெளியவும் ஒரே அழுத்தம். ஊதல, ஆட்டல. ஓட்டை வழியா காத்து தானா பரவினா மணிக்கு அரை மீட்டர் கூடப் போகாது. ஓட்டையைச் சுத்தி ஒரு மீட்டர் கெட்டிருக்கும். மிச்சம் நிக்குது.”

“எந்த எடத்துல ஓட்டை?”

“இன்னும் எண்ணல.”

“எண்ணு. ஓட விடு.”

கிளாம்பைப் போட்டு இறுக்கியதும் எண்ண உட்கார்ந்தோம். அடைத்த முனையிலிருந்து முதல் ஓட்டை எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. குழாய்ச் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிந்திருந்தன. ஒன்றைத் தொலைத்தால் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் வானம் தொலையும். வரதன் அண்ணா சாக்பீஸால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

“ஒம்போது,” என்றார்.

“பத்து,” என்றார் சின்னப்பொண்ணு அக்கா.

“மொதல் வளைவு சுத்துல சேராதுக்கா. அது வாலு.”

“வாலும் மாட்டோடதான்டா சேத்தி.”

“நான் பதிமூணு வருஷமா கம்பி எண்ணிக்கினு கீறேன்.”

“ஜெயில்லயா?”

வரதன் அண்ணாவே சிரித்துவிட்டார். திரும்ப எண்ணினோம். மூன்றாவது தடவை, வாலைத் தனியாக அளந்து எழுதிவிட்டு, எல்லோரும் ஒன்பது என்று ஒத்துக்கொண்டோம். ஒன்பதாவது சுற்றின் நடுவில் முதல் ஓட்டை. எழுபத்தேழாவது சுற்றில் இரண்டாவது. நோட்டில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். “கோர்ட்டு கேஸா?” என்று கேட்டுவிட்டுத்தான் வரதன் அண்ணா போட்டார்.

ஒன்பதாவது சுற்று என்றால் ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். என் நாக்கு பதினாலில். நடுவில் நான்கு சுற்று. தப்பித்திருக்கலாம். தப்பிக்காமலும் இருக்கலாம்.

வேனைப் பின்சுவரோரம் நிறுத்திக் குழாயைக் கருவியில் மாட்டும்போது மணி பத்து நாற்பது. அடைத்த முனையை வெட்டிக் கருவிக்குள் விட்டேன். வால்வு பக்கம் சிலிண்டர் காற்றை மெதுவாகத் தள்ளினேன். வரிசையில் முதலில் நின்ற முப்பது கிலோமீட்டர் காற்று முதலில் உள்ளே போயிற்று.

திரையில் கார்பன் மோனாக்சைடு கோடு நகர்ந்தது. நூறு கோடிக்கு இருபத்தைந்து பங்கு. அது ஸ்ட்ரடோஸ்பியர். அங்கே இந்த வாயு குறைச்சலாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கோடு ஏறத் தொடங்கி எழுபத்தைந்து, எண்பது என்று வந்தது. பதினேழு கிலோமீட்டரைத் தாண்டி நம் காற்றுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பிறகு கோடு செங்குத்தாக எழுந்து திரையின் உச்சியில் முட்டி நின்றது.

“இன்னா ஆச்சு? பூட்டுச்சா?” என்றார் லோகு அண்ணா.

“ஓட்டைணா. ஒன்பதாவது சுத்து.”

முக்கால் நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல இறங்கி வந்து தொண்ணூறில் நின்றது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. சாதாரண உள்ளூர்க் காற்று. அடுத்த ஒரு நிமிடமும் அதே. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கால் விரல்களைப் பார்த்தேன். செருப்பில் சேறு.

“எறங்குது,” என்றார் லோகு அண்ணா.

எண்பத்திரண்டு. எழுபது. ஐம்பத்தொன்பது. நாற்பத்தாறு. அங்கே ஒரு நிமிடம் நின்றது. மீத்தேன் கோடும் கூடவே இறங்கி நின்றது. பிறகு இரண்டும் சேர்ந்தே ஏறி, பழைய இடத்துக்கே வந்தன.

மீதிக் குழாய் முழுவதும் ஓடி முடிந்து, கடைசியில் எழுபத்தேழாவது சுற்றின் ஓட்டை இன்னொரு கம்பமாக எழுந்து அடங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். மணி பதினொன்று நாற்பது.

அதற்கப்புறம்தான் கணக்கு. குழாய் முள்ளில் வெயிலில் கிடந்திருக்கிறது, அக்கா தலையில் ஏறி வந்திருக்கிறது, சூடாகி விரிந்து கொஞ்சம் காற்றை வெளியே தள்ளியிருக்கிறது. எந்த நிமிடம் வந்த காற்று எந்தச் சுற்றில் இருந்தது என்று வெறும் கடிகாரத்தை வைத்துச் சொன்னால் ஒரு கிலோமீட்டர் இப்படி அப்படி ஆகும். அந்த ஒரு கிலோமீட்டரில் மூத்த பேராசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “இது நாக்கு இல்லம்மா, ஸ்ட்ரடோஸ்பியரோட அடிப்பக்கம்தான் கொஞ்சம் கீழ தெரியுது” என்று சொல்லியிருப்பார். ஆனால் இந்தக் குழாயில் இரண்டு இடம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். மூன்று பேர் மூன்று தடவை எண்ணிய இடங்கள். அந்த இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அறுபத்தெட்டு சுற்று. வகுத்தேன். பள்ளத்தின் நடு பதிமூன்றாவது சுற்றில் விழுந்தது. பதிமூன்றரைக்குச் சற்று மேலே, பதினாலுக்குக் கீழே. என் பி.வி. படம் சொன்னதற்கு இருநூறு மீட்டர் வித்தியாசம். ஸ்ட்ரடோஸ்பியர் ஓட்டைக்கு மேலே முடிந்துவிட்டது. ஓட்டைக்குக் கீழே இரண்டரை சுற்று உள்ளூர்க் காற்று. அதற்கும் கீழே வடக்கத்திக் காற்று. வந்திருக்கிறது. திருவள்ளூருக்கு மேல் வந்திருக்கிறது.

வரைபடத்தை மேடத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

“கிறிஸ்டினா, ரொம்ப நல்லா இருக்கு. நெஜமாவே. அந்த ரெண்டு ஸ்பைக்கை மட்டும் எடுத்துடு. அதைப் பாத்தா கமிட்டில கேள்வி வரும்.”

“எடுக்க மாட்டேன் மேடம். அதுதான் அளவுகோல். அதை எடுத்தா பள்ளம் எங்க இருக்குன்னு சொல்ல முடியாது.”

யோசித்தார். அவர் விஞ்ஞானி. யோசித்தால் புரியும். “ஆமா,” என்றார். “ஆமா, கரெக்ட். சரி, எப்படி எழுதப்போற? சாம்பிள் வாஸ் டேமேஜ்டுன்னு…”

“இரும்பு உருக்குற எடத்துல மூடின குழாய்ல ரெண்டு ஓட்டை போடறது பாதுகாப்பு விதி. விதிப்படி போட்டாங்க. எந்தச் சுத்துன்னு எண்ணிக் குடுத்தாங்க. பேரோட எழுதுவேன்.”

“நன்றி பக்கத்துல போடலாம்.”

“செய்முறைப் பகுதியில மேடம். அங்கதான் நடந்துச்சு.”

“உங்கூட பேசி ஜெயிக்க முடியாது,” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. “போடு.”

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. சுவரில் இருந்த சந்து வழியாகச் சின்னப்பொண்ணு அக்கா வந்தார். கையில் டிபன் பாக்ஸ். வேன் கதவில் சாய்ந்து திரையைப் பார்த்தார்.

“கெடச்சுதா?”

“கெடச்சுதுக்கா.”

“எது?”

காட்டினேன். “இந்தப் பள்ளம்.”

“இத்தினியூண்டா? இதுக்கா அந்த ஓட்டம் ஓடியாந்த?”

“ஆமா. இமயமலைக்கு அந்தாண்ட இருந்து வந்த காத்து.”

“வந்துட்டுப் போவுது.” ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டு, திரையின் உச்சியில் முட்டி நின்ற கம்பத்தைக் கரண்டியால் காட்டினார். “இது?”

“உங்க யார்டு காத்து. ஓட்டை வழியா பூந்தது.”

“அவ்ளோ ஒசரமா? எவ்ளோ கணக்கு?”

“தெரியாது. இந்தக் கருவில ஐயாயிரம் வரைக்கும்தான் நம்பர். அதுக்கு மேல போயிருக்கு. முட்டிகினு நிக்குது.”

மெல்லுவதை நிறுத்தினார். “பள்ளத்துல எவ்ளோ?”

“நாப்பத்தாறு.”

சின்னப்பொண்ணு அக்கா பள்ளத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மத்தியானம் மூணுக்கு மேல தல நோவு வரும். எல்லாத்துக்கும்தான். சூட்டுலன்னு சொல்லுவானுங்க. அதுதானா இது?”

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் பொய்.

“இத வெச்சு சொல்ல முடியாதுக்கா. ரெண்டு சின்ன ஓட்டையில பூந்த காத்து. அந்த நேரத்துல உலை பக்கம் இருந்து ஒரு வாட்டி பொகை வந்திருக்கலாம். லாரி நின்னிருக்கலாம். இது அளவே இல்ல.”

“பள்ளம் அளவு. இது அளவு இல்ல.”

“ஆமா.”

“அப்ப எத்த வெச்சு சொல்லுவ?”

கருவி ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரில் முக்கால்வாசி சுத்தக் காற்று மிச்சம். அதில் ஒன்பது பங்கும் யார்டு காற்று ஒரு பங்கும் கலந்து விட்டால், ஐயாயிரத்தில் முட்டாமல் கருவி எண்ணும். உறிஞ்சும் குழாய் பதினைந்து மீட்டர் இருந்தது. சுவரின் சந்துக்கு எட்டு மீட்டர்.

“லோகு அண்ணா,” என்றேன், “வண்டி சாயங்காலம் வரைக்கும் நம்ம பேர்லதானே?”

“ஏழு மணி வரிக்கும் எழுதி வாங்கிக்கினு வந்தேன். ஏன்?”

கிளாம்பைக் கழற்றி உறிஞ்சும் குழாயின் முனையில் மாட்டினேன். சின்னப்பொண்ணு அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டு மறுமுனையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“எவ்ளோ நேரம் புடிக்கணும்?”

“புடிக்க வேணாம், கட்டிடலாம். ஆனா ஒரு ஷிப்ட் பூரா ஓடணும்.”

“அப்ப வண்டிய நெழல்ல போடச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு சந்துக்குள் குனிந்தார்.